சத்திரமாக்கினால் என்ன?

"பாட்டன் கட்டிய வீட்டைச் சத்திரமாக்கிவிட்டான்" என்று ஏளனம் பேசுவது நம்மவர்களில் படித்த வட்டாரத்திலே ஒரு வழக்கமாகி வருகிறது. தொழிலில் நாலு காசு கண்ட மனிதன், ஆலையையும் கடையையும் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டுச் சொந்த ஊருக்குப் போகிறான். பூட்டிக் கிடந்த பழைய வீட்டைத் திறந்து செப்பனிடுகிறான். செப்பனிட்ட வீட்டில் வெளியூர்க்காரர்களைத் தங்க வைத்து வாடகையும் வாங்குகிறான். இது பரம்பரைக்கு இழுக்காம்! இந்த அபிப்பிராயத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. வீட்டைக் காப்பாற்றுகிறவனுக்கு வசவு. அதை இடிந்து விழ விட்டவனுக்குக் குலப்பெருமையா?

அந்த வீடுகள் எப்படி வந்தன என்று முதலில் பார்ப்போம். செட்டிநாட்டையே எடுத்துக்கொள்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், ஆத்தங்குடி என்று எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களில் நகரத்தார் கட்டிய மாளிகைகள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940-கள் வரையில் எழுந்தவை. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. சலவைக்கல் இத்தாலியிலிருந்து வந்தது. பணம்? பர்மா, இலங்கை, மலாயா நாடுகளில் நடந்த லேவாதேவியிலிருந்து வந்தது. 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன்பட்ட பர்மியக் குடியானவன் நிலத்தை இழந்தான். 1938-வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1942-இல் ஜப்பானியப் படை நுழைந்ததும் அவர்கள் ஊர் திரும்ப நேர்ந்தது. 1948-இல் சுதந்திர பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் செய்தது. வருமானம் நின்றது, வீடு நின்றுகொண்டிருந்தது.

இதை நான் யாரையும் பழிப்பதற்காகச் சொல்லவில்லை. அந்த வீடுகளை ஏதோ தேவலோகத்திலிருந்து இறங்கியவை போலப் பேசுகிறவர்களுக்காகச் சொல்லுகிறேன். பேரேட்டிலும் ஐந்தொகையிலும் பிறந்தவை அவை. வட்டிக் கணக்கில் எழுந்த வீட்டை வாடகைக் கணக்கில் காப்பாற்றினால் மட்டும் புனிதம் கெட்டுவிடுமோ?

ஒரு வீடு எப்படிச் சாகிறது என்று நம்மில் பலருக்குத் தெரியாது. ஒரு நாள் இரவில் அது விழுந்துவிடுவதில்லை. குரங்கோ காற்றோ ஒரு ஓட்டை நகர்த்திவிடும். ஐப்பசி மழை அந்த இடுக்கில் இறங்கும். கைமரம் ஊறும், ஊறிய மரத்தில் கறையான் ஏறும். முற்றத்து நீர்த்தாரையில் சருகு அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கிச் சுவரின் அடியில் நிற்கும். அந்த முதல் வாரத்தில் ஓர் ஆளை ஏற்றி ஓட்டைத் திருப்பிவைத்திருந்தால் அரைநாள் கூலியோடு போயிருக்கும். பத்து வருஷம் கழித்துப் பார்க்கும்போது மேற்கூரை முழுவதையும் இறக்கியாக வேண்டும். அதற்கு யாரிடம் பணம் இருக்கிறது?

பணம் இருந்தாலும் சம்மதம் கிடைப்பதில்லை. பாட்டனுக்கு நாலு பிள்ளைகள். ஆளுக்கு மூன்று பிள்ளைகள் என்றால் பன்னிரண்டு. அவர்களுக்கும் மும்மூன்று என்றால் முப்பத்தாறு. 1989-இல் தமிழ்நாட்டிலும் 2005-இல் நாடு முழுவதிலும் வந்த சட்டத் திருத்தங்களால் பெண்களுக்கும் பங்கு உண்டு, அது நியாயமே. ஆனால் பங்குகள் பெருகப் பெருக, வீட்டைக் கவனிக்க வேண்டியவன் யார் என்ற கேள்விக்குப் பதில் தேய்ந்துகொண்டே போகிறது. ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். படைப்புக்கும் கல்யாணத்துக்கும் கதவு திறக்கும். ஓடு மாற்றக் கையெழுத்துக் கேட்டால், "பிறகு பார்ப்போம்" என்பார்கள். ஆனால் விற்பதற்குக் கேட்டால் கையெழுத்து எப்படியோ வந்துவிடுகிறது!

விற்றது எங்கே போகிறது? காரைக்குடியில் முனீசுவரன் கோவில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். தூண்கள், நிலைகள், கதவுகள், பீங்கான் ஜாடிகள், பெட்டிகள், சுவாமி படங்கள், பல்லாங்குழிகூட வரிசையாக நிற்கின்றன. அங்கிருந்து அவை பெரு நகரங்களுக்குப் பயணமாகின்றன. பூட்டிய வீட்டைப் பற்றிக் கண்ணீர் வடிக்கிற அதே கனவான்களின் வரவேற்பறையில் ஒரு தேக்குத் தூண் பூந்தொட்டியைத் தாங்கி நிற்கிறது. அந்தத் தூண் எந்த வளவிலே எந்தக் கூரையைத் தாங்கியது என்று அவர்கள் கேட்டதுண்டா? முழு வீட்டையே ஒழுங்காகப் பிரித்தெடுத்து மறுபடி நிறுத்திப் பொதுமக்கள் பார்க்க வைத்திருக்கிறார்களே, முட்டுக்காட்டுக்கு அருகில் தட்சிணசித்ராவில், அது வேறு காரியம். நான் பேசுவது தூணைத் தனியாக வாங்கி அழகு பார்க்கும் ரசிகர்களைப் பற்றி.

இந்தச் சூழ்நிலையில்தான் ஒரு வியாபாரி ஊருக்குத் திரும்புகிறான். காரைக்குடியில் ஒரு குடும்பத்தார் தங்கள் பழைய பங்களாவை 1999-இல் விருந்தினர் விடுதியாக்கினார்கள். 'பங்களா' என்பதே அதன் பெயர். கானாடுகாத்தானில் ஒரு தந்தை தம் மகளுக்காகக் கட்டிய வீடு இன்று 'விசாலம்' என்ற பெயரில் விடுதியாக நிற்கிறது. இவற்றில் வாடகை வாங்குகிறார்கள், ஆமாம். தினமும் பெருக்குகிறார்கள், விளக்கு ஏற்றுகிறார்கள், ஒழுகினால் அன்றே தெரிகிறது. விருந்தாளியின் கட்டில்மேல் மழைத்துளி விழுந்தால் முதலாளிக்குப் பொறுக்குமா? அக்கறை சாதிக்காததை இலாபம் சாதிக்கிறது என்றால், அதற்கு வெட்கப்பட வேண்டியவர் அக்கறை பேசியவர்தான்.

'சத்திரம்' என்பதை வசவாகச் சொல்லுகிறவர்களுக்கு இன்னொன்று. காசியில் 1863 முதல் சத்திரம் நடத்தி வந்தவர்கள் இதே நகரத்தார்தாம். அது தர்மம், இது வியாபாரம் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். இதைத் தர்மம் என்று சொல்லிக்கொள்ளும் விடுதிக்காரனிடம் எனக்கும் மரியாதை இல்லை. ஆனால் யோக்கியமான வியாபாரம் அதர்மம் ஆகிவிடாது.

அந்த வியாபாரியிடமும் எனக்குச் சில வார்த்தைகள் உண்டு. நூலில் கலப்படம் செய்தால் கண்டுபிடிக்கத் தெரிந்த மனிதர் நீர். உம் பாட்டன் சுவரில் சிமெண்டை அப்புகிற ஒப்பந்தக்காரனிடம் மட்டும் ஏன் ஏமாறுகிறீர்? அந்தச் சுவர் சுண்ணாம்புக் காரையால் ஆனது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்து, மேல்பூச்சில் முட்டையின் வெள்ளைக் கருவும் சேர்த்துக் கண்ணாடியாகத் தேய்த்தது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, உப்புப் பூத்து, செங்கல்லைத் தின்னும். தரையில் ஆத்தங்குடிக் கல் உடைந்திருந்தால் கிரானைட்டுக்கு ஓடாதீர். கண்ணாடித் தகட்டின்மேல் சாயமும் சிமெண்டும் மணலும் வார்த்து, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்து அந்தக் கல்லைச் செய்கிறவர்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கிழக் கொத்தனாருக்கு நல்ல கூலி கொடுத்து, இரண்டு பையன்களை அவர் கீழே பழக வையும். வருஷத்துக்கு ஒரு நாளாவது ஊர்க்காரர்கள் உள்ளே வந்து பார்க்கட்டும். அந்தச் சுவரை எழுப்பியவர்கள் அவர்களுடைய பாட்டன்மார்தாம்.

சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருப்பதில் பயன் இல்லை. தமிழ்நாட்டில் 2012-இல் மரபுக் கட்டடங்களுக்கென்று ஆணையச் சட்டம் இயற்றினார்கள். 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றன. சந்தோஷம். ஆனால் எந்தப் பட்டியலும் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறாது.

ஆகையால் வாசகர்களே, ஊரில் உங்களுக்கும் ஒரு பழைய வீட்டில் பங்கு இருந்தால், செப்பனிட முன்வரும் சொந்தக்காரனுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கணக்குக் கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். ஆனால் ஏளனம் மட்டும் வேண்டாம். ஐப்பசிக்குள் யார் ஓடு மாற்றுகிறானோ, அவனே அந்த வீட்டுக்கு வாரிசு.