தோளுக்கும் ஓய்வு வேண்டும்

சுங்கை பஞ்சாங் வட்டாரத் தோட்டத்து வாசகர்களே! அண்ணாந்து செம்பனைக் குலை வெட்டுகிறவரின் தோளையும், அமெரிக்காவில் பேஸ்பால் எறிகிறவரின் தோளையும் தாங்குபவை மூட்டைச் சுற்றியுள்ள நான்கு சிறு தசைகள்தாம். தோள்குழி ஆழமில்லாதது, கை தலைக்கு மேல் போகும்போதெல்லாம் பாரம் அவற்றின்மேல்.

அங்கே 14 வயதுக்குட்பட்ட பிள்ளை ஒரே நாளில் 66 பந்து எறிந்துவிட்டால், 4 நாள் எறியக் கூடாது என்பது பயிற்சி நெறி.

"குலைக் கணக்கில் கூலி வாங்கும் எங்களுக்கு ஓய்வு ஏது?" என்பீர்கள். நியாயந்தான். மாலையிலாவது தோளைக் கவனியுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுங்கள். வலிக்கிற பக்கம் படுக்காதீர்கள். தைலம் தடவலாம், அழுத்தி உருவ வேண்டாம்.

தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவரின் பேரன், இலங்கையின் முத்தையா முரளிதரன். 2004இல் தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மாதக்கணக்கில் பந்தைத் தொடாமல் பொறுத்திருந்தார். 2010இல் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டையும் எடுத்தார்!

கையைத் தூக்க முடியவில்லையா? இரவில் வலி தூங்கவிடவில்லையா? தாமதிக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். வீட்டுக்குச் சோறு போடும் தோள் அது. அதைக் காப்பதும் வேலைதான்.