சுகர் கிளைடர்: வாங்கும் முன் உங்கள் இரவைக் கணக்கிடுங்கள்

அயனம்பாக்கம் ஏரியைச் சுற்றி இன்று வீட்டு மனைகளே மிகுதி. ஆயினும் அந்த மனைகளுக்கு இடையே நாலு பாத்தி கீரையும், இரண்டு மூன்று கறவை மாடுகளுமாகக் காலம் தள்ளும் சிறு உழவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் சென்ற ஆண்டு என்னைத் தம் வீட்டுக்கு அழைத்தார். கீரையில் இலைப்புள்ளி நோய் பார்க்கப் போன எனக்கு, அவர் கடைசியாகக் காட்டியது திண்ணையில் தொங்கிய ஒரு கிளிக்கூண்டு.

“சார், இது அணிலா எலியான்னே தெரியல. பையன் வாங்கியாந்தான். பகலெல்லாம் தூங்குது. ராத்திரி ஆனா நாய்க்குட்டி மாதிரி குரைக்குது. ரெண்டு நாளா பின்னங்கால வேற இழுக்குது” என்றார்.

கூண்டுக்குள் சாம்பல் நிறத்தில், முதுகில் கறுப்புக் கோட்டுடன், உள்ளங்கையில் அடங்கும் அளவில் ஒரு சுகர் கிளைடர் சுருண்டு கிடந்தது. அதன் முன்னே ஓர் ஆப்பிள் துண்டும், தேனில் நனைத்த ரொட்டியும் இருந்தன. வாங்கி இரண்டு மாதம் ஆயிற்றாம். கையை நீட்டினால் கடிக்கிறது என்று மகன் அதைத் தொடுவதையே விட்டுவிட்டான்.

சென்னையின் சுற்றுப்புறங்களில் இப்பிராணியை வளர்க்கும் ஆசை இளைஞர்களிடம் பரவி வருகிறது. உழவர் வீடுகளுக்குள்ளும் அது நுழைந்திருப்பதால் இப்பக்கத்தில் எழுதுகிறேன். வாங்காதீர்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட நான் விரும்பவில்லை. இதைப் பேணிப் பழக்கும் முறை என்ன, அதற்கு ஆகும் நேரம் எவ்வளவு என்பதைச் சொல்லிவிடுகிறேன். முடிவை நீங்களே எடுக்கலாம்.

இது என்ன பிராணி?

இது அணில் அன்று, எலியும் அன்று. கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டியை வளர்க்கும் இனம். ஆஸ்திரேலியாவும் நியூகினித் தீவும் இதன் தாயகம். வளர்ந்த பிராணி 100 முதல் 150 கிராம் வரை எடை இருக்கும். முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே உள்ள தோலை விரித்து, மரம் விட்டு மரம் 50 மீட்டர் தொலைவு வரை காற்றில் சறுக்கிச் செல்லும். தாயின் கருவில் குட்டி இருப்பது 16 நாள் அளவே. பிறகு பைக்குள் ஏறத்தாழ 70 நாள் வளரும்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் பறக்கும் அணில் இதற்கு உறவே இல்லை. அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

சுகர் கிளைடரின் இயல்பில் மூன்று செய்திகள் முக்கியமானவை. ஒன்று, இது இரவில் விழிக்கும் பிராணி. இரண்டு, கூட்டமாக வாழ்வது. மூன்று, நன்கு பேணினால் 10 முதல் 12 ஆண்டு வரை உயிர் வாழக் கூடியது. அந்த வீட்டுத் தம்பி இம்மூன்றையும் அறியாமலே வாங்கியிருந்தான்.

கால் இழுத்தது ஏன்?

கன்று ஈன்ற மாடு எழ முடியாமல் படுத்துவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். பால் காய்ச்சல் என்கிறோம். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைவதே காரணம். இச்சிறு பிராணிக்கும் சுண்ணாம்புச் சத்துக் குறைவால்தான் பெரும்பாலும் பின்னங்கால் செயல் இழக்கிறது. ஆனால் மாட்டுக்கு வருவது போல ஒரே நாளில் வருவதில்லை. வாரக் கணக்கில் எலும்பு கரைந்து வருகிறது.

தழைச்சத்து, மணிச்சத்து என்று உரக்கணக்கு பார்க்கத் தெரிந்த உழவருக்கு இதை விளக்குவது எளிது. இதன் உணவில் மணிச்சத்து ஒரு பங்கு என்றால் சுண்ணாம்புச் சத்து இரண்டு பங்கு இருக்க வேண்டும். ஆப்பிளிலும் வாழைப்பழத்திலும் இந்தக் கணக்கு தலைகீழாக உள்ளது. பழத்தை மட்டும் தின்னும் பிராணி வயிறு நிறைந்திருந்தும் எலும்புக்கு உணவில்லாமல் வாடுகிறது.

காட்டில் இது தைலமரப் பால், கருவேல இன மரங்களின் பிசின், பூந்தேன், மகரந்தம், பூச்சிகள் ஆகியவற்றை உண்கிறது. வீட்டில் வளர்ப்போர் தேன், வேகவைத்த முட்டை, புரதம், சுண்ணாம்புச் சத்து, வைட்டமின்கள் சேர்ந்த கலவை உணவை முதன்மையாகக் கொடுத்து, பூச்சிகளைத் துணையாகவும் பழம், காய்கறிகளைச் சிறு அளவிலும் தர வேண்டும். கலவையின் அளவை இப்பிராணியைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நலம். சாக்லேட் அறவே கூடாது. உழவர்களுக்கென்று ஒரு சிறப்பு எச்சரிக்கையும் உண்டு: மருந்து அடித்த வயலில் பிடித்த வெட்டுக்கிளியையோ புழுவையோ ஒருபோதும் போடாதீர்கள். பயிருக்குத் தெளித்த நஞ்சு 100 கிராம் உடம்பில் என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும்.

கூண்டும் இடமும்

கிளிக்கூண்டு இதற்குப் போதாது. இரண்டு பிராணிகளுக்குக் குறைந்தது 2 அடி நீளம், 2 அடி அகலம், 3 அடி உயரம் வேண்டும். கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேற்படக் கூடாது. மிஞ்சிய கோழிவலையைக் கொண்டு கூண்டு கட்ட வேண்டாம். அதன் முனைகளில் நகமும் தோலும் சிக்கிக் கிழியும். உள்ளே ஏறி இறங்க மருந்து படாத மரக்கிளைகளும், மேல் பகுதியில் உறங்கத் துணிப்பையும் தொங்க வேண்டும்.

27 முதல் 31 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இதன் உடல் சிரமமின்றி இருக்கும். கோடையில் 40 டிகிரியைத் தொடும் நம் பகுதியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழோ வெயில் படும் திண்ணையிலோ கூண்டை வைப்பது கொடுமை. வீட்டுக்குள் காற்றோட்டமான, பகலில் இருட்டான மூலையே ஏற்றது. பூனைக்கும் எட்டக் கூடாது.

பழக்குவது எப்படி?

சந்தையில் வாங்கிய புது மாட்டை வீட்டுக்கு ஓட்டி வந்த முதல் நாளே பால் கறக்க உட்காருவோர் உண்டா? முதலில் தண்ணீர் காட்டுவோம். மாட்டை அதன் போக்கில் நிற்க விடுவோம். ஒரே ஆள் தீவனம் வைப்போம். குரல் பழகும், வாசனை பழகும், பிறகே மடியில் கை வைப்போம். சுகர் கிளைடரைப் பழக்கும் முறையும் இதுவேதான். இதை நான் அந்தத் தம்பியிடம் சொன்னபோது, அருகில் நின்ற தாயார், “இதத்தான சார் நானும் சொன்னேன், புடிக்காத, வுட்டுப் புடின்னு” என்றார்.

வந்த முதல் இரண்டு மூன்று நாள் அதைத் தொடக் கூடாது. நீங்கள் உடுத்திய, துவைக்காத பருத்தித் துணித் துண்டு ஒன்றை அதன் உறக்கப் பையில் வையுங்கள். உங்கள் வாசனை தீங்கற்றது என்று அது தெரிந்துகொள்ளும். பிறகு தினமும் இரவில் ஒரே நேரத்தில் கூண்டருகே உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசி, விரல் நுனியில் ஒரு சொட்டுத் தேன் கொடுங்கள். கிறீச்சென்று அது கத்துவது கோபத்தால் அன்று, அச்சத்தால். அப்போது கையை வெடுக்கென்று இழுக்காமல், அசையாது வைத்திருப்பது நல்லது. கடித்தால் அடிக்கவோ ஊதவோ கூடாது. வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது.

அடுத்த படியாக, பகலில் அது உறங்கும்போது துணிப்பையோடு எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஓர் இடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலையைச் செய்யலாம். உங்கள் நெஞ்சுச் சூட்டிலும் மூச்சிலும் அது பழகும். மாட்டுக் கொட்டிலுக்கோ வயலுக்கோ எடுத்துப் போக வேண்டாம். பழகிய பின், கதவு சன்னல் அடைத்த சிறிய அறையில் இரவில் வெளியே விட்டால் தானே தோள் மீது ஏறும். இதற்குச் சில வாரங்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். விலையை உயர்த்திக் கொடுத்து இதை விரைவுபடுத்த முடியாது.

ஒற்றையாக வளர்க்கவே கூடாது. தனிமையில் வாடும் சுகர் கிளைடர் தன் மயிரைத் தானே பிடுங்கும், தன் உடம்பைத் தானே கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். துணை இருந்தால் நம்மோடு பழகாது என்று எண்ணுவது தவறு. அச்சம் நீங்கிய பிராணியே நன்கு பழகுகிறது. ஆணும் பெண்ணுமாக வைத்தால், குட்டி பெருகாதிருக்க ஆணுக்குக் கருத்தடை செய்வது பற்றி மருத்துவரைக் கேளுங்கள்.

உழவர் வீட்டுக்கு ஏற்றதா?

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். பிராணியைப் பழக்கும் பொறுமை உழவர் குடும்பத்தில் உண்டு. பட்டணத்தாரைக் காட்டிலும் மிகுதியாகவே உண்டு. இல்லாதது இரவு நேரம். விடியற்காலை 4 மணிக்குப் பால் கறக்க எழுபவர் இரவு 9 மணிக்கு மேல் ஒரு மணி நேரம் இதனோடு விழித்திருக்க முடியுமா? வாங்கிய மகன் நாளை வேலைக்கு வெளியூர் போவான். பிறகு 10 ஆண்டுக்கு உணவு கலக்குவதும் கூண்டு கழுவுவதும் யார் தலையில் விழும்? மாட்டுக்கும் கோழிக்கும் ஏற்கெனவே உழைக்கும் அந்தத் தாயின் தலையில்தான். ஆகவே வாங்குமுன் பணப்பையைப் பார்ப்பதற்கு முன்னால், வீட்டில் யாருடைய இரவு ஓய்வாக இருக்கிறது என்று பாருங்கள். ஒருவருடையதும் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

உபதொழிலாகச் செய்யலாமா என்று அந்த உழவரும் கேட்டார். ஒரு சோடி வாங்கினால் ஆண்டுக்கு இரு முறை குட்டி போடும், குட்டியை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று விற்றவர் சொன்னாராம். இந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்கு நினைவு வந்தது ஈமு கோழி. அதுவும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததுதான். 2012ஆம் ஆண்டில் பெருந்துறை வட்டாரத்தில் ஈமுத் திட்டங்கள் சரிந்தபோது பணம் போட்டோர் தெருவில் நின்றார்கள். பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசே தீவனம் போட வேண்டியிருந்தது. பாலுக்கும் முட்டைக்கும் அன்றாடம் வாங்குவோர் உண்டு. சுகர் கிளைடருக்கோ இறைச்சி இல்லை, பால் இல்லை, எரு என்று சொல்லவும் ஒன்றுமில்லை. குட்டியை வாங்க இன்னொரு ஆசைக்காரர் வேண்டும். அவர் வராத ஆண்டில் உங்கள் கூண்டில் 10 வாய்கள் இருக்கும். இதை உபதொழில் என்று நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சட்டத்தில் தடையில்லை என்பதும் விற்போர் சொல்லும் பேச்சு. அதில் பாதிதான் உண்மை. 2024ஆம் ஆண்டு வந்த பதிவு விதிகள், பன்னாட்டு வாணிப உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்போருக்கானவை. அப்பட்டியலில் சுகர் கிளைடர் இல்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து எந்த உயிருள்ள விலங்கையும் சுங்க அனுமதியும் விலங்கு நோய்த் தடுப்புச் சோதனையும் இன்றிக் கொண்டுவர முடியாது. அச்சோதனை நிலையம் சென்னைப் பள்ளிக்கரணையிலேயே உள்ளது. எங்கே பிறந்தது, எப்போது பிறந்தது என்று எழுதி ரசீது தராதவரிடம் வாங்காதீர்கள். விற்பவர் ஒவ்வொருவரும் பேணும் முறையைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்று அரசு விதித்தால் பாதிக் குட்டிகளாவது பிழைக்கும் என்பது என் எண்ணம்.

வேண்டாமென்றால் மரத்தில் விட்டுவிடலாமே என்பாரும் உண்டு. கூண்டில் வளர்ந்தது காக்கைக்கும் வெயிலுக்கும் இரையாகும். தப்பிப் பிழைத்தால் அது வேறு தீங்கு. டாஸ்மேனியாத் தீவில் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுபோய் விடப்பட்ட சுகர் கிளைடர்கள், அருகிவரும் ஒரு கிளி இனத்தைப் பொந்திலேயே முட்டையோடும் தாயோடும் தின்று வருவதாக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வைத்துக்கொள்ள இயலாதவர்கள், நன்கு வளர்க்கும் வேறொருவரிடம் ஒப்படைப்பதே முறை.

நான் கால்நடை மருத்துவன் அல்லன். எனவே அன்றே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எடுத்துப் போகச் சொன்னேன். மருந்தும் உணவு மாற்றமும் தந்தார்கள். காலை ஊன்றி நடக்க ஒன்றரை மாதம் பிடித்தது. இன்னும் சற்று நொண்டுகிறது. தம்பி பெரிய கூண்டு கட்டிவிட்டான். வளர்க்க முடியாத ஒரு நண்பனிடமிருந்து துணைக்கு ஒன்றைப் பெற்றுக்கொண்டான். இரவு 9 மணிக்கு அவனே உட்காருகிறான். அவன் வேலைக்குப் போகும்போது இரண்டையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும் என்று தாயார் முன்கூட்டியே சொல்லிவிட்டார். வாங்கும் நாளிலேயே ஒவ்வொரு வீட்டிலும் இப்படிப் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.