பட்டா யார் பெயரில்? இங்கல்ஸ் குடும்பத்துப் பெண்களும் வரலாற்றுப் புனைவும்

வரலாற்றுப் புனைவு என்றவுடன் அரண்மனைச் சதிகளும் முடிசூட்டு விழாக்களும் நினைவுக்கு வருகின்ற வாசிப்புப் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அரசனோ போர்க்களமோ இல்லாமல், ஒரு மரவீட்டின் அடுப்பங்கரையை நடுவே வைத்துக்கொண்டு தலைமுறைகளின் கதையைச் சொல்லும் நாவல் வரிசையை வரலாற்றுப் புனைவு என்று ஏற்கவே சிலர் தயங்கக்கூடும். அமெரிக்க எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் வைல்டரின் ‘லிட்டில் ஹவுஸ்’ நூல்கள் அத்தகையவை. 1932-இல் முதல் நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது 65. 1943-க்குள் எட்டு நூல்கள் வந்துவிட்டன. 1957-இல் அவர் மறைந்தார். கைப்பிரதியாகவே கிடந்த ஒன்பதாவது நூல் 1971-இல் அச்சேறியது.

கதை அத்துடன் நிற்கவில்லை. 1993 முதல் லாராவின் மகள் ரோஸைப் பற்றி ரோஜர் லீ மெக்பிரைட் எழுதிய வரிசை வெளிவந்தது. 1996-இல் தாய் கேரலைனின் இளமைப் பருவம் தனி வரிசையாகத் தொடங்கியது. 1999-இல் மெலிஸா வைலி பாட்டி ஷார்லட்டையும் கொள்ளுப்பாட்டி மார்த்தாவையும் கதைநாயகிகளாக்கினார். மார்த்தா, ஷார்லட், கேரலைன், லாரா, ரோஸ் என ஐந்து தலைமுறைகள், முழுக்க முழுக்கத் தாய்வழியில்! வம்சாவளி என்றாலே தந்தை பெயரை எழுதிப் பழகிய உலகில் இதுவே ஒரு சிறு புரட்சிதான். ‘வலிமை மிக்க முன்னோடிப் பெண்கள்’ என்று இந்நூல்களைப் பாராட்டுவதும் அன்றுமுதல் வழக்கமாகிவிட்டது. அந்த ‘வலிமை’ என்னும் சொல்லைச் சற்று நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்வோம். உழைப்பை இவ்வளவு நுணுக்கமாக எழுதிய புனைவுகள் மிகக் குறைவு. ‘த லாங் வின்டர்’ (1940) நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1880 அக்டோபரில் டக்கோட்டாப் பிரதேசத்தின் டி ஸ்மெட் ஊரைத் தாக்கும் பனிப்புயல், அடுத்த ஆண்டின் வசந்தம்வரை ஓய்வதில்லை. ரயில் நின்றுபோகிறது. நிலக்கரி தீர்ந்ததும் வைக்கோலைக் கயிறுபோல் முறுக்கி முறுக்கி விறகாக்குகிறார்கள். முறுக்கும் கைகளில் வெட்டுக் காயங்கள். மாவு தீர்ந்ததும், விதைக்கென இருந்த கோதுமையைக் காப்பிக்கொட்டை அரைக்கும் சிறு கைமில்லில் ஆள்மாற்றி ஆள் சுற்றி அரைக்கிறார்கள். அன்றன்று அரைத்த மாவுதான் அன்றன்றைய ரொட்டி. மண்ணெண்ணெயும் தீர்ந்த நாளில் தாய் கேரலைன் ஒரு பொத்தானைத் துணியில் வைத்துக் கட்டி, துணியின் மேல்நுனியைத் திரியாக்கி, வண்டி அச்சுக்குப் பூசும் கொழுப்பில் நிறுத்தி விளக்கேற்றுகிறார். புயலை வெல்லும் வீரச்செயல் என்று ஏதும் இல்லை. ஒரே வேலையை நாள்தோறும் செய்வதன் சலிப்பு, மந்தமாகிப்போகும் மனம், பேச்சற்றுப்போகும் மாலைப்பொழுதுகள் ஆகியவற்றை மறைக்காமல் எழுதியதாலேயே அந்நாவல் இன்றும் நிற்கிறது. எட்டு நூல்களில் ஒன்றைத்தான் வாசிக்க முடியும் என்பவருக்கு நாம் இதையே பரிந்துரைப்போம்.

எனினும் இந்நூல்களில் பெண்ணின் வலிமை என்று கொண்டாடப்படுவது பெரும்பாலும் தாங்கும் ஆற்றலே. தந்தை சார்ல்ஸ் மேற்கே போக வேண்டும் என்கிறார். தாய் மூட்டை கட்டுகிறார். ஒவ்வொரு புதுவீட்டிலும் கூரையும் தரையும் அமைந்து வீடு வீடாகத் தோன்றிய பிறகே, தம் சிறு பீங்கான் பொம்மையைப் பொதியிலிருந்து எடுத்து மாடத்தில் வைக்கிறார். அழகான படிமம்தான். ஆனால் கேரலைனின் உண்மையான வலிமை அந்தப் பொம்மையில் இல்லை என்று நாம் கருதுகிறோம். டி ஸ்மெட்டுக்கு வந்த பிறகும் சார்ல்ஸின் கால்கள் மேலும் மேற்கே இழுக்கின்றன. அப்போது, பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும், இனி நகர முடியாது என்று வாக்கு வாங்கி நிறுத்தியவர் கேரலைன். மணத்துக்குமுன் ஆசிரியையாக இருந்தவர் அவர். அந்த ஒரு ‘முடியாது’ இல்லையேல் லாரா ஆசிரியை ஆகியிருப்பாரா, எழுதத்தான் செய்திருப்பாரா என்பது ஐயமே. நாவல்களோ அந்த மறுப்பைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு, வண்டியேறிய பயணங்களுக்கு அத்தியாயங்களை ஒதுக்குகின்றன.

இனி நிலத்துக்கு வருவோம். 1862-ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி, 21 வயது நிரம்பியவரோ குடும்பத் தலைவரோ 160 ஏக்கர் நிலத்துக்கு விண்ணப்பித்து, ஐந்தாண்டுகள் அதில் குடியிருந்து பயிரிட்டால் அது அவருக்குச் சொந்தம். மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் தம் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். கணவனோடு வாழும் மனைவிக்கு மட்டும் பொதுவாக அந்த உரிமை கிடையாது. ‘தீஸ் ஹாப்பி கோல்டன் இயர்ஸ்’ (1943) நாவலில் மெக்கீ என்றொரு குடும்பம் வருகிறது. கணவர் பிழைப்புக்காக ஊரில் வேலை செய்ய, சட்டம் கேட்கும் குடியிருப்பு நிபந்தனைக்காக மனைவியும் சிறுமகளும் ஆளரவமற்ற வெளியில் ஒரு குடிலில் கிடக்கிறார்கள். துணைக்குப் போகும் லாராவிடம் அந்த அம்மாள் இந்தச் சட்டத்தின் விசித்திரத்தைச் சொல்லிப் புலம்புகிறார். குடியிருந்து நிலத்தைக் காப்பவர் அவர். பட்டா கணவர் பெயரில். பெண்ணின் வலிமை யார் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்பதைக் காட்ட இதைவிடத் துல்லியமான காட்சி இவ்வரிசையில் வேறில்லை.

அப்படியானால் தம் பெயரில் நிலம் பெற முயன்ற பெண் எவரும் அந்தக் குடும்பத்தில் இல்லையா? இருந்தார். லாராவின் நாத்தனார் எலைஸா ஜேன் வைல்டர். 1850-இல் பிறந்த அவர், தம் சகோதரர்கள் ராயலையும் அல்மான்ஸோவையும் போலவே டி ஸ்மெட் அருகே தனியொருத்தியாக நிலத்துக்கு விண்ணப்பித்தவர், ஆசிரியை. ‘முன்னோடிப் பெண்’ என்ற சொல்லுக்கு அகராதிப் பொருள்போல் நிற்க வேண்டியவர். நாவல்கள் அவருக்கு என்ன இடம் தந்தன? ‘ஃபார்மர் பாய்’ (1933) நூலில் அதிகாரம் செய்யும் அக்காவாக வந்தாலும், தம்பி கறைப்படுத்திய சுவர்த்தாளை யாரும் அறியாமல் ஒட்டுப்போட்டுக் காப்பாற்றும் நல்ல மனம் அவருக்கு இருக்கிறது. ‘லிட்டில் டவுன் ஆன் த பிரெய்ரி’ (1941) நூலிலோ அந்த நல்ல மனமும் பறிபோகிறது. வகுப்பை அடக்கத் தெரியாத, ஓரவஞ்சனை செய்கிற, மெலிந்த சிறுமி கேரியைத் தண்டிக்கிற ஆசிரியை அவர். மாணவர்கள் நகைப்பதற்கென்றே நிறுத்தப்பட்டவர். லாராவுக்குத் தம் பள்ளிக்கால நினைவில் உண்மையான கசப்பு இருந்திருக்கலாம், அதை எழுதவும் அவருக்கு உரிமையுண்டு. ஆனால் கணவனுக்குத் துணைநின்ற பெண்கள் அனைவரும் கனிவோடு வரையப்பட, தனித்து நின்ற பெண் கேலிச்சித்திரமாகிறார் என்பதை வாசகர் கவனியாமல் விட முடியாது.

வேடிக்கை என்னவென்றால், அதே கேரி பின்னாளில் அச்சகத்திலும் நாளிதழிலும் பணிபுரிந்து, மணமாகாத நிலையில் தெற்கு டக்கோட்டாவின் மேற்குப் பகுதியில் தம் பெயரிலேயே நிலம் கோரிக் குடிலமைத்துத் தங்கினார். லாராவின் நாவல் வரிசையோ லாராவின் திருமணத்தோடு கண்ணை மூடிக்கொள்கிறது. அந்தத் திருமணத்துக்கு முன் வரும் உரையாடலும் இங்கு நினைவுகூரத்தக்கது. கணவனுக்குக் கீழ்ப்படிவேன் என்று உறுதிமொழி கூற இயலாது என்கிறாள் லாரா. அப்படியானால் பெண்ணுரிமைக் கட்சியா என்று அல்மான்ஸோ கேட்க, இல்லை, வாக்குரிமை எனக்கு வேண்டாம் என்கிறாள். இதை முரண்பாடு என்று சிலர் குறைசொல்வர். நமக்கோ இவ்வரிசையிலேயே மிகவும் நம்பத்தக்க இடம் இதுதான் என்று தோன்றுகிறது. சொந்த வாழ்வில் ஒரு சொல்லையும் பொய்யாக உரைக்க மாட்டேன் என்னும் பெண், பொதுவாழ்வில் தன் இடத்தைக் கேட்கவே தோன்றாதவளாக இருப்பது அக்காலத்தின் இயல்பு. வரலாற்றுப் புனைவு தன் பெண்களுக்கு இன்றைய முழக்கங்களை இரவல் கொடுக்காதிருப்பதே நேர்மை.

இந்த நூல்களை எழுதியதும் இரு தலைமுறைப் பெண்கள் சேர்ந்துதான். மகள் ரோஸ் வைல்டர் லேன் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து, பத்திரிகையாளராகி, தாய் நாவலாசிரியர் ஆகும் முன்பே புகழ்பெற்ற எழுத்தாளர். தாய் 1930-இல் எழுதி முடித்த ‘பயனியர் கேர்ள்’ என்னும் தன்வரலாற்றைப் பதிப்பிக்க அப்போது எவரும் முன்வரவில்லை. அது 2014-இல்தான் விரிவான குறிப்புகளோடு வெளிவந்தது. அந்தக் கைப்பிரதியிலிருந்தே இருவரும் அள்ளினர். தாய் சிறுவர் நாவல்களாக்கினார். மகள், சார்ல்ஸ், கேரலைன் என்ற அதே பெயர்களோடு ‘லெட் த ஹரிக்கேன் ரோர்’ (1933) நாவலை எழுதினார். தாயின் நூல்களை உண்மையில் எழுதியவர் மகளே என்று வில்லியம் ஹோல்ட்ஸ் 1993-இல் வாதிட்டார். 2018-இல் புலிட்சர் பரிசு பெற்ற கேரலைன் ஃபிரேசரின் ‘பிரெய்ரி ஃபயர்ஸ்’ (2017) இருவருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலையும் பிணக்கையும் விரிவாகச் சொல்கிறது. யாருடைய பேனா என்னும் வழக்கில் நமக்கு ஆர்வமில்லை. ஆனால் இந்த ரோஸை உருவாக்கியதில் ஒரு பங்கு யாருக்கு உண்டு? ரோஸ் தம் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை 1904-இல் முடித்தது பெற்றோரின் மிசோரிப் பண்ணையில் அன்று. லூசியானாவின் க்ரோலியில், நாவலில் கேலிக்குள்ளான அந்த அத்தை எலைஸா ஜேனின் வீட்டில் தங்கி. ஐந்து தலைமுறைத் தாய்வழிச் சரட்டில் அத்தைக்கு இடமில்லை என்பதால்தான் இது எவர் கண்ணிலும் படுவதில்லை போலும்.

தாய்வழிச் சரட்டிலேயே கூட மௌனங்கள் உண்டு. ‘லிட்டில் ஹவுஸ் ஆன் த பிரெய்ரி’யில் (1935) கேரி கைக்குழந்தையாகக் கான்சாஸுக்கு வண்டியில் வருகிறாள். உண்மையில் கேரி பிறந்ததே கான்சாஸில், 1870 ஆகஸ்டில். 1875-இல் பிறந்து ஒன்பது மாதங்களில் இறந்த ஒரே ஆண் குழந்தை நாவல்களில் பிறக்கவே இல்லை. சிறுவர்க்கான நூல் என்பதால் பேறுகால அச்சமும் பிள்ளைச் சாவும் விலக்கப்பட்டன. விளைவு, கேரலைனின் உடலே கதையிலிருந்து அகன்றுவிட்டது. சாரா மில்லர் 2017-இல் எழுதிய ‘கேரலைன்’ நாவல் இந்தக் குறையை நேர்செய்கிறது. அதே கான்சாஸ் பயணம், இம்முறை வயிற்றில் பிள்ளையோடு வண்டியில் குலுங்கும் தாயின் பார்வையில். பொறுமைசாலி என்று நாம் அறிந்த பெண் உள்ளுக்குள் எத்தனை சொற்களை விழுங்கினார் என்று காட்டியதே அந்நாவலின் சாதனை.

பட்டா யார் பெயரில் என்ற கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. 1869 முதல் 1871 வரை இங்கல்ஸ் குடும்பம் கான்சாஸில் குடிலமைத்த இடம் ஒசேஜ் மக்களுக்கு உரியதாக இருந்த நிலம். அங்கே குடியேற அன்று எந்த வெள்ளையருக்கும் சட்ட உரிமை இல்லை. 1935 பதிப்பின் தொடக்கத்தில், அங்கே மனிதர்கள் எவரும் இல்லை, செவ்விந்தியர்தாம் இருந்தனர் என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. வாசகர் ஒருவரின் கண்டனத்துக்குப் பிறகு 1953 பதிப்பில் ‘மனிதர்கள்’ என்ற சொல் ‘குடியேறிகள்’ என்று திருத்தப்பட்டது. ஆனால் ஒரு சொல்லைத் திருத்தினால் தீருமா? நாவலில் அம்மக்கள்மீது மாறாத வெறுப்பைக் காட்டுபவர் தந்தையல்லர், நாம் வியந்து போற்றும் அதே தாய். 2018-இல் அமெரிக்கச் சிறுவர் நூலகச் சேவைக் கழகம் தன் விருதிலிருந்து லாராவின் பெயரை நீக்கியது. 1954 முதல் இருந்த பெயர் அது. விருதின் பெயர் எதுவானாலும் நமக்கு ஒன்றே. அந்த வெறுப்பைப் பதிப்பிலிருந்து வெட்டியெறியக் கூடாது என்பது மட்டும் எமது உறுதியான கருத்து. விளக்கேற்றத் தெரிந்த கைதான் அந்த வெறுப்பையும் வளர்த்தது என்று குழந்தைகளும் அறியட்டும், அருகில் பெரியவர் ஒருவர் இருந்து விளக்கட்டும்.

அத்தோடு, ‘முன்னோடி’ என்கிறோமே, முன்னால் ஓடியவர் எவர் என்று பார்க்க லூயிஸ் எர்ட்ரிக்கின் ‘த பர்ச்பார்க் ஹவுஸ்’ (1999) தொடங்கும் ஐந்து நாவல்களையும் உடன்வைத்து வாசிக்க வேண்டும். சுப்பீரியர் ஏரியின் தீவொன்றில் 1847-இல் வாழும் ஒமகாயஸ் என்னும் ஒஜிப்வே சிறுமி. மூலிகை அறிந்த பாட்டி நோகோமிஸ். கணவரும் பிள்ளைகளும் இன்றி நாய்களோடு வாழ்ந்து கரடி வேட்டையாடும் கிழவி ஓல்ட் டாலோ. எர்ட்ரிக் அந்தக் கிழவியை எவர் நகைப்புக்கும் விடவில்லை. பெரியம்மையில் அழிந்த தீவிலிருந்து குழந்தை ஒமகாயஸை மீட்டவரே அவர்தான். இந்தக் குடும்பமும் மேற்கு நோக்கித்தான் பயணப்படுகிறது. ஆனால் நிலம் தேடி அன்று, நிலத்தைப் பறிகொடுத்து. நான்காம் நாவலான ‘சிக்கடீ’யில் (2012) ஒமகாயஸ் இரட்டைப் பிள்ளைகளின் தாயாகிவிடுகிறாள். அக்கதை நிகழும் ஆண்டு 1866. அதற்கு அடுத்த ஆண்டு பிப்ரவரியில், ஒமகாயஸின் குடும்பம் விட்டுவந்த அதே விஸ்கான்சினில், பெப்பின் அருகே ஒரு மரவீட்டில் லாரா பிறந்தாள்.