சமைப்பவருக்குச் சவர்க்காரம் யார் கொடுப்பது?

முதியோர் இல்லங்களிலும் சிறுவர் இல்லங்களிலும் சமையலறைச் சுவரில் "கைகளைக் கழுவவும்" என்று எழுதி ஒட்டியிருக்கக் காண்கிறோம். அதன் கீழே குழாய் உண்டா, சவர்க்காரம் உண்டா என்று பார்ப்பவர்கள் குறைவு. முகாமில் பொதுச் சமையல் செய்து பழகிய உங்களிற் சிலர் இத்தகைய இல்லங்களில் நாட்கூலிக்குச் சமைக்கவும் போகிறீர்கள். ஆகவே இதை எழுதுகிறோம்.

நோய் வந்தால் பழி சமைத்தவர் மேலேயே விழுகிறது. நியூயோர்க்கில் மேரி மலன் என்ற அயர்லாந்துச் சமையற்காரிக்கு நேர்ந்தது இதுவே. அவருடைய உடலில் நெருப்புக்காய்ச்சற் கிருமி இருந்தது. அவருக்கோ காய்ச்சல் இல்லை. 1907இல் அவரைப் பிடித்துத் தீவொன்றில் தனிமைப்படுத்தினார்கள். இனிச் சமைப்பதில்லை என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டு 1910இல் விட்டார்கள். சலவை வேலையில் கூலி குறைவு. பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் அகப்பையைப் பிடித்தார். 1915இல் அவர் சமைத்த மகப்பேற்று மருத்துவமனையில் 25 பேருக்கு நோய் கண்டது, இருவர் இறந்தனர். 1938இல் இறக்கும்வரை அவரை மறுபடியும் அதே தீவிலேயே வைத்திருந்தார்கள். அவர் செய்தது பிழைதான். ஆனால் சமையலை விடச் சொன்னவர்கள் அவருடைய வயிற்றுப்பாட்டுக்குப் போதிய வழி காட்டவில்லை என்பதே எமது எண்ணம்.

நன்றாக வெந்த உணவில் இக்கிருமி சாகும். ஆபத்து அடுப்பை விட்டு இறக்கிய பின்னர்தான்: சம்பல் பிசையும்போது, பழம் வெட்டும்போது, இயலாதவருக்குச் சோறு குழைத்து ஊட்டும்போது. உணவாலும் நீராலும் பரவும் செங்கண்மாரியை 2009இல் செட்டிகுளம் முகாம்களில் கண்டோம். கண் மஞ்சளாவதற்கு ஒன்றிரண்டு கிழமைக்கு முன்னரே அக்கிருமி மலத்தோடு வெளியேறத் தொடங்கிவிடுகிறது. எனவே "ஆள் சுகமாகத்தானே இருக்கிறா" என்ற பேச்சு செல்லாது.

இல்லத்தை நடத்துவோரிடம் நாம் கேட்பது பெரிய காரியமல்ல. மலசலகூட வாசலிலும் சமையலறையிலும் தண்ணீரும் சவர்க்காரமும் வேண்டும். குழாய் இல்லாவிட்டால் திருகு பூட்டிய வாளி போதும். கொரோனாக் காலத்துக் கைமருந்துப் போத்தல் இதற்கு ஈடாகாது. எண்ணெய்ப் பிசுக்குள்ள கையில் அது சரியாக வேலை செய்யாது.

அதைவிட முக்கியமானது சம்பளத்தோடு லீவு. வயிற்றோட்டம் நின்று 48 மணித்தியாலம் செல்லும்வரை சமையலறைக்குள் வரக்கூடாது என்பது சரியான விதி. ஆனால் வராத நாளுக்குக் கூலியை வெட்டினால், பிள்ளைகளுக்கு உலை வைக்க வேண்டிய தாய் வருத்தத்தை மறைத்துக்கொண்டு வரத்தான் செய்வாள். எண்பது வயது முதியவரின் உடல் வயிற்றோட்டத்தைத் தாங்காது.

வேலைக்குப் பேசும்போதே இந்த லீவைப் பற்றியும் கேளுங்கள். சங்கமாகச் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது, தண்ணீர் இல்லாத இடத்தைத் தயங்காமல் அவருக்குக் காட்டுங்கள்.