அல்பானோ ஏரியின் வாசற்படி



உரோமைக்குத் திருப்பயணம் சென்று திரும்புவோரிடம் என்னென்ன கண்டீர்கள் என்று வினவினால், புனித இராயப்பர் பேராலயம், புனித சின்னப்பர் பேராலயம், சுரங்கக் கல்லறைகள் என்று வரிசையாகச் சொல்வர். நன்று. ஆயினும், பயணத்தில் ஒரு நாள் மீதமிருக்குமாயின் நகரை விட்டுத் தென்கிழக்கே 25 கிலோமீட்டர் சென்று அல்பானோ ஏரியையும் பார்த்து வாருங்கள் என்று புறப்படுவோரிடம் நாம் சொல்லுவதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைக்காலத்தில் நாமும் அங்கே சென்றோம். கண்டதையும் கேட்டதையும் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

உரோமையின் தெர்மினி நிலையத்தில் புறப்படும் சிறிய இரயில் ஒரு மணி நேரத்திற்குள் நம்மைக் காஸ்தல் கந்தோல்போ என்னும் ஊரில் இறக்கிவிடுகின்றது. மேலே குன்றின் விளிம்பில் ஊர். கீழே பெரிய கிண்ணத்தில் ஊற்றி வைத்தாற்போல் நீல நிறத்தில் ஏரி. அந்தக் கிண்ணத்தை வனைந்தது நெருப்பு. அல்பான் குன்றுகள் என வழங்கும் இப்பகுதி முழுவதுமே பழைய எரிமலையாகும். பூமியின் ஆழத்திலிருந்து மேலெழுந்த கற்குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டபோது, அந்நீர் நொடியில் ஆவியாகி வெடித்தது. அவ்வாறு அடுத்தடுத்து நிகழ்ந்த வெடிப்புகளால் உண்டான பள்ளங்கள் ஒன்றோடொன்று கலந்து இந்த ஏரியின் படுகையாயின. இறுதி வெடிப்பு நிகழ்ந்து ஏறத்தாழ 36,000 ஆண்டுகள் ஆகின்றன. ஏரியின் பரப்பு சுமார் 6 சதுர கிலோமீட்டர். ஆழமோ ஏறத்தாழ 170 மீட்டர். இத்தாலியிலுள்ள எரிமலை ஏரிகளுள் இதுவே மிக ஆழமானது.

இவ்வேரியில் வந்து சேரும் ஆறு ஒன்றுமில்லை. வானம் பொழிவதும் நிலத்தினுள்ளிருந்து ஊறி வருவதுமே இதன் வருவாய். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் இங்கேயே திரும்பி வருவோம்.

மேற்குக் கரையில் உணவகங்களும் படகுத் துறைகளும் உள்ளன. கோடையில் உரோமைக் குடும்பங்கள் கூடை நிறைய உணவுடன் வந்து நாள் முழுதும் நீந்தியும் துடுப்புப் படகு செலுத்தியும் களிக்கின்றன. கரையை விட்டுச் சில அடிகளிலேயே ஆழம் மிகுந்துவிடுமாதலால், சிறுவரை அழைத்துச் செல்வோர் விழிப்பாயிருத்தல் வேண்டும். 1960ஆம் ஆண்டு உரோமையில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெற்றபோது படகுப் போட்டிகள் இந்த நீரில்தான் நடந்தன. நடக்க விரும்புவோர் ஏரியைச் சுற்றிவரலாம். சுற்றளவு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். கிழக்குக் கரையில் வீடுகள் இல்லை. செங்குத்தான சரிவில் அடர்ந்த மரங்களினூடே செல்லும் அப்பாதையில் பறவைகளின் குரலையும் நம் காலடி ஓசையையும் தவிர வேறொன்றும் கேட்பதில்லை.

ஊருக்குள் பெர்னினி வடித்த சிற்றாலயம் ஒன்று உள்ளது; வில்லநோவா புனித தோமையாருக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதே வளாகத்தின் மறுகோடியில் திருத்தந்தையரின் மாளிகை. இவ்வூர் 1596இல் திருச்சபையின் உடைமையாயிற்று; 1626இல் திருத்தந்தை 8ஆம் உர்பான் இங்கு வந்து தங்கிக் கோடை ஓய்வு கொள்ளத் தொடங்கினார். இயேசு சபையினர் நடத்தும் வத்திக்கான் வானாய்வுக் கூடமும் 1930களில் உரோமையை விட்டு இங்கே இடம்பெயர்ந்தது. நகரின் விளக்கொளி விண்மீன்களை மறைத்ததே காரணம். 1944இல் போர் இப்பகுதியை நெருங்கியபோது 12ஆம் பத்திநாதர் மாளிகையின் கதவுகளைத் திறந்துவிட, ஆயிரக்கணக்கான மக்கள் உள்ளே அடைக்கலம் புகுந்தனர். திருத்தந்தையின் படுக்கையறை அந்நாள்களில் பிரசவ அறையாயிற்று. குழந்தைகள் பலர் அங்கே பிறந்தனர். 1978இல் 6ஆம் சின்னப்பர் இறையடி சேர்ந்ததும் இம்மாளிகையில்தான். திருத்தந்தை பிரான்சிஸ் இங்கே ஓய்வுக்குத் தங்கவில்லை. அவர் விருப்பப்படி 2016இல் மாளிகை அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2025 ஜூலையில் திருத்தந்தை 14ஆம் லியோ மீண்டும் இவ்வூருக்கு ஓய்வெடுக்க வந்தார்.

எனினும், நம் உள்ளத்தில் ஆழப் பதிந்தது மாளிகையன்று. ஊருக்கு நேர் கீழே, ஏரிக்கரையில், கல்லால் கட்டப்பட்ட ஒரு சுரங்கத்தின் முகப்பே. அதன் வரலாற்றை உரோமை வரலாற்றாசிரியர் லிவி எழுதி வைத்துள்ளார். கிறிஸ்துவுக்கு முன் 398இல் உரோமையர் வேயி என்னும் நகரை முற்றுகையிட்டிருந்தனர். அப்போது மழையொன்றும் மிகுதியாகப் பெய்யாதிருக்க, அல்பானோ ஏரி வழக்கத்திற்கு மாறாக உயர்ந்தது. அஞ்சிய உரோமையர் கிரேக்க நாட்டிலுள்ள தெல்பிக்குத் தூது அனுப்பிக் குறி கேட்டனர். ஏரி நீரை முறைப்படி வெளியேற்றி வயல்களில் பாயச் செய்தால் வெற்றி கிட்டும் என்று விடை வந்ததாம். குறியின் கதை எவ்வாறாயினும், சுரங்கம் கண்ணெதிரே நிற்கின்றது. எரிமலைப் பாறையைக் குடைந்து, ஒருவர் பின் ஒருவராகவே செல்லக்கூடிய அகலத்தில், 1,400 மீட்டர் நீளத்திற்கு அதனை அமைத்தனர். ஏரி அந்த வாயின் மட்டத்திற்கு மேல் உயரும்போது மிகுந்த நீர் வெளியேறும். மட்டத்திற்குக் கீழே ஒரு துளியும் போகாது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்த வாசற்படியே ஏரியின் அளவைக் காத்தது.

அன்று நாம் அங்கே நின்றிருந்தபோது, படகுகளுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எம்மைக் கண்டு அருகில் வந்தார். நம்முடன் வந்த இத்தாலியக் குருவானவர் அவர் சொற்களை நமக்கு விளக்கினார். முதியவர் காய்ந்த மணற்பரப்பைச் சுட்டிக்காட்டி, "நான் சிறுவனாக இருந்தபோது இவ்விடமெல்லாம் நீர், சாமி. அந்தச் சுவரிலிருந்து நாங்கள் குதித்து நீந்துவோம்" என்றார். அச்சுவர் இருந்த இடத்திலிருந்து நீர் வெகு தொலைவில் கிடந்தது. சுரங்கத்தின் வாசற்படியோ நீருக்கு மேலே உலர்ந்து நின்றது.

அவர் கூறியது உண்மையே. கடந்த சில பத்தாண்டுகளில் ஏரியின் மட்டம் பல மீட்டர் தாழ்ந்துவிட்டது. மழை குறைந்தது ஒரு காரணம். குன்றுகளெங்கும் வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் தொழில்களுக்கும் தோண்டப்பட்ட கிணறுகளின் வழியே, ஏரிக்கு ஊறி வரவேண்டிய நிலத்தடி நீர் உறிஞ்சப்படுவது மற்றொரு பெருங்காரணம்.

அண்டையிலுள்ள நேமி ஏரியையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். அதன் அடியில் மூழ்கிக்கிடந்த, பேரரசன் கலிகுலாவின் காலத்து மரக்கலங்கள் இரண்டினை மீட்பதற்காக, 1928 முதல் 1932 வரை நீரை இறைத்து ஏரியை ஏறத்தாழ 20 மீட்டர் தாழ்த்தினர். வேலை முடிந்தபின் நீர் மீண்டும் ஏறியது. மீட்ட கலங்களோ 1944 மே 31 இரவு தீக்கிரையாயின. ஏரி திரும்பி வந்தது. ஏனெனில் அதனைத் தாழ்த்தியவர்கள் எங்கே நிறுத்துவது என்று அறிந்திருந்தனர்.

அல்பானோவின் இன்றைய நிலை அவ்வாறன்று. இந்த ஏரியைத் தாழ்த்துவோம் என்று எவரும் தீர்மானிக்கவில்லை. ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் தேவைக்குச் சிறிதளவே எடுத்தனர். தோட்டம் வாடலாகாது, பிள்ளைகள் குளிக்க வேண்டும் என்பதற்கு மேல் எவர் மனத்திலும் வேறு எண்ணமில்லை. உரோமையரின் சுரங்கத்திற்கு ஒரு வாசற்படி இருந்தது. மிகுந்ததை மட்டுமே அது எடுத்தது. கிணற்றுக்கோ வாசற்படி இல்லை. எத்தனை ஆழம் வேண்டுமானாலும் அது கீழே செல்லும்.

பிரியமானவர்களே, பொதுவாயிருப்பதை அழிக்கத் தீயவர் வரவேண்டுவதில்லை. நல்லவர் பலர், ஒருவரையொருவர் பாராமல், ஆளுக்குச் சிறிது எடுத்தாலே போதும். பெற்றோரின் உழைப்பு, உடன்பிறந்தாரின் பொறுமை, வீட்டிலுள்ள சிறு சேமிப்பு ஆகிய இவையெல்லாம் ஆறு வந்து சேராத ஏரிகளே அன்றோ? எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு ஒரு வாசற்படியை நம் குடும்பங்களில் நாமே வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

உங்களுள் எவரேனும் அல்பானோவுக்குச் சென்றால் மாளிகையைப் பாருங்கள். பிள்ளைகளைப் படகில் ஏற்றி மகிழுங்கள். திரும்புமுன் கரையிலுள்ள அந்தச் சுரங்க வாயிலுக்கு அவர்களை அழைத்துச் சென்று, நீர் எங்கே இருந்தது, இன்று எங்கே இருக்கின்றது என்று காட்டுங்கள். கதையை அவர்களே கேட்பார்கள்.