குட்டி வீடும் லாரியும்

வீட்டையே முதுகில் சுமந்துகொண்டு ஊர் சுற்றும் நத்தையைப் பார்த்தால் உங்களுக்குப் பொறாமையாக இல்லையா? ஹோட்டல் அறைக்குத் தவம் கிடக்க வேண்டாம். குழந்தைக்கு வெந்நீர் கேட்டு யாரையும் கெஞ்ச வேண்டாம்!

பிக்கப் லாரியின் பின்தட்டில் ஏற்றிவைக்கும் குட்டி வீட்டை அமெரிக்காவில் ‘காம்பர்’ என்கிறார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். ஊர் திரும்பியதும் இறக்கிவைத்துவிட்டு, லாரியைச் சரக்கேற்ற அனுப்பலாம்.

இந்த ஆசையில் லாரி பார்க்கக் கிளம்பும் உங்கள் வீட்டுக்காரர் குதிரைசக்தி, நிறம் என்று பேசுவார். நீங்கள் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “இது எத்தனை கிலோ தாங்கும்?” அனுமதித்த மொத்த எடையில் வண்டியின் காலி எடையைக் கழித்தால் விடை வந்துவிடும். பார்வைக்குப் பெரிய வண்டியெல்லாம் அதிகம் சுமக்கும் என்று நம்பிவிடாதீர்கள். இரண்டு வரிசை இருக்கை வைத்தால் பின்தட்டு குறுகிப்போகும்.

இனி வீட்டுக் கணக்கு. காம்பர் 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் 80 லிட்டர் என்றால் 80 கிலோ. காஸ் சிலிண்டர் 30. நாலு பேர் 240. பாத்திரம், படுக்கை 100. ஆக 950 கிலோ! லாரி அதற்கு மேலும் கொஞ்சம் தாங்கட்டும்.

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் பெருஞ்செல்வராக வாழ்ந்தவர் கூரத்தாழ்வான். எல்லாவற்றையும் துறந்து மனைவி ஆண்டாளுடன் ஸ்ரீரங்கம் புறப்பட்டார். காட்டு வழியில் அம்மாள் பயந்தாராம். “மடியில் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டார் கணவர். அவர் தண்ணீர் குடிப்பதற்காக எடுத்துவந்த பொன்வட்டில் இருந்தது! அதையும் வாங்கி எறிந்த பிறகே பயம் தீர்ந்தது என்பார்கள். நாம் பொன்வட்டிலா எடுத்துப் போகிறோம்? கிரைண்டரும் மூன்று ஊறுகாய் ஜாடியும்தான். அவற்றை விட்டுவிட்டுப் போனால் லாரிக்கும் பயமில்லை.

பாரத்தின் நடுப்புள்ளி பின்சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் விழவேண்டும். பின்னால் போனால் முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. கனமான சாமான்களைத் தாழ்வாகவும் முன்பக்கமாகவும் வையுங்கள்.

பதிவு விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. வாங்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வண்டி ஓடும்போது குட்டி வீட்டுக்குள் யாரும் உட்காரக் கூடாது. குழந்தைகள் எவ்வளவு அடம் பிடித்தாலும் சரி!

புறப்படும் நாளன்று சாமான், தண்ணீர், பாட்டி உட்பட எல்லாரையும் ஏற்றிக்கொண்டு நேரே எடைமேடைக்கு விடச் சொல்லுங்கள். கணக்கு சரியென்றால் பிறகு எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகலாம்.