நள்ளிரவில் வந்த நெடி

2023-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பத்தில் ஜனங்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் அமோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு ஏற்பட்டது. கண் எரிந்தது. மூச்சு திணறியது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சுமார் 50 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

அமோனியா ஈரத்தில் கரைந்தால், சுண்ணாம்பு போல அரிக்கும். தொண்டையில் எப்போதும் ஈரம் உண்டு. ஆகவே அங்கே புண்ணாகி வீங்கும். மூச்சுக்கும் பேச்சுக்கும் குரல்வளை ஒன்றுதான் வாசல். குரல் கம்மினால் வாசல் அடைபடலாம். உடனே டாக்டரிடம் போகவேண்டும். தொண்டை நிபுணர் குழாய்க்கருவி விட்டுப் பார்ப்பார். வீக்கம் முற்றினால், கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்வார்.

டாக்டர் உயிரைக் காப்பார். குழாயைக் காப்பது யார்? கசிந்த நிமிஷமே அபாயச் சங்கு ஊதவேண்டும். ஓடித் தப்ப நேரம் கிடைக்கும்.